சிங்கராயர் சாரின் பன்னிரண்டு பண்புகள்

பாடம் நடத்துகிறவர்கள் ஓர் இனம். பாடத்தை எப்படி நடத்தவேண்டும் என்று பாடம் நடத்துகிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தாருக்குத் தொண்டை கட்டும், சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது ஒரு பிள்ளை புடவையில் வாந்தி எடுத்து வைக்கும். இரண்டாவது இனத்தாருக்கு இந்த உபத்திரவமெல்லாம் கிடையாது. மின்விசிறிக்கு நேர் கீழே மேஜை, மேஜைமேல் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேனா. ‘முதலில் ஒரு கேள்வி’ என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேங்கில் உண்டு, பள்ளிக்கூடத்தில் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துச் சமையல்காரருக்கு சாம்பார் வைப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருக்கிற சித்தப்பாவும் இந்த இனம்தான்.

ஆனால் இதில் உயர்ந்த ரகம் பார்க்கவேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போகவேண்டும். மற்ற இடங்களில் பாடம் தப்பினால் மார்க்குதான் போகும். இங்கே ஆத்துமாவே போய்விடும் அல்லவா? அதனால் விளக்குகிறவர்களுக்கு வேகம் ஜாஸ்தி.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற கடலோரச் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கத்தோலிக்கக் கோயில். அந்தப் பங்கில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கிற மறைக்கல்விக்கு ஒருங்கிணைப்பாளர் சிங்கராயர். வயது அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி எண் மாற்றுகிற பலகை இருக்குமே, அதைத் தினமும் காலையில் தன் கையாலேயே மாற்றியவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாள் மாற்றுவதற்கு எண் இல்லாமல் கை பரபரத்தது. அவர் மனைவி ரெஜினா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் மணல் வாளி வந்தது. குளியலறைக் கதவில் ‘வழுக்கும் தரை, கவனம்’ வந்தது. மூன்றாவது வாரம் அவளே பங்குச் சாமியாரிடம் போய், இவருக்குக் கோயிலில் ஏதாவது பொறுப்புக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும் என்று கேட்டுக்கொண்டாள்.

பொறுப்பு வந்தது. மறைக்கல்வி நடக்கிற கொட்டகைச் சுவரில் ‘தாமதமில்லாத ஞாயிறுகள்’ என்று ஒரு பலகை ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ்: ‘நல்ல மறைக்கல்வி ஆசிரியருக்குரிய பன்னிரண்டு பண்புகள்.’ தயாரிப்பு, நேரந்தவறாமை, தெளிவான உச்சரிப்பு, கண்ணோடு கண் பார்த்தல், பிள்ளைகளின் வீடுகளைச் சந்தித்தல் என்று போகும். எட்டாவதாகத்தான் ஜெபம் வரும்.

மூன்று மாதத்துக்கொரு முறை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ‘முதலில் ஒரு கேள்வி. ஆசிரியர் என்பவர் யார்?’ என்பார் சிங்கராயர். யாராவது எழுந்து ஏதாவது சொல்வார்கள். ‘நல்ல முயற்சி’ என்று சொல்லிவிட்டு, தன் பதிலைத் திரையில் போட்டு, எழுதிக்கொள்ளச் சொல்வார். ஆசிரியர்கள் எழுதிக்கொள்வார்கள். போன பயிற்சியிலும் அதையேதான் எழுதிக்கொண்டார்கள். பண்பு ஏன் பன்னிரண்டு என்று ஒருமுறை அவரே கேட்டு, சேசுவின் அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர் என்பதால் என்று அவரே விளக்கியபோது, கடைசி வரிசையிலிருந்து, அப்படியானால் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு எந்தப் பண்பு சார் என்று ஒரு குரல் வந்தது. முப்பது பேரும் சிரித்தார்கள். சிங்கராயர் சிரிக்கவில்லை. குரல் யாருடையது என்று குறித்துக்கொண்டார்.

குரல் பிலோமியுடையது. பகலில் பள்ளிக்கூட வேனில் ஆயா வேலை. ஞாயிறு காலையில் புதுநன்மை வகுப்பு ஆசிரியை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கும், பூசையில் அப்பம் வாங்குகிற முதல் நன்மைக்கும் தயார்செய்கிற வகுப்பு அது. பதினொரு வருஷமாக அவள்தான் எடுக்கிறாள். படிப்பு பத்தாவது. உச்சரிப்பு காசிமேடு.

பயிற்சி முடிந்த அடுத்த ஞாயிறே சிங்கராயர் நோட்டுப் புத்தகத்தோடு பிலோமியின் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சேசு படகில் தூங்குகிறார், புயல் வருகிறது, சீடர்கள் அலறுகிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிற ஷாலு என்கிற பெண், அது வாடைக்காற்றா கச்சானா என்று கேட்டாள். அவள் அப்பா மீன்பிடிக்கிறவர். காற்றுக்குப் பெயர் வேண்டியிருந்தது அவளுக்கு.

பிலோமி, “எனக்கு இன்னாடி தெரியும்? ஒங்க நைனாவாண்ட கேட்டுகினு வா. அடுத்த வாரம் நீ எங்களுக்குச் சொல்லு” என்றாள். பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேயே எந்தக் காற்று என்று சண்டைபோட ஆரம்பித்தார்கள்.

சிங்கராயர் எழுதினார்: ‘ஆசிரியை தயாரிப்பின்றி வந்துள்ளார். தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். வகுப்பில் கூச்சல். மொழி சரியில்லை. ஷாலு என்ற மாணவி வகுப்பில் இருமுறை தூங்கியதை ஆசிரியை கண்டிக்கவில்லை.’

அறிக்கை மூன்று பக்கத்துக்கு டைப் ஆகி, பங்குச் சாமியார் மேஜைக்குப் போனது. சாமியார் இளவயதுக்காரர். இரண்டு கல்லறைப் பூசையும் ஒரு கல்யாணத்துக்கு ஓலை எழுதுகிற வேலையும் முடித்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, இவ்வளவு தெளிவாகக் குறைகளைக் கண்டுபிடிக்கிற நீங்களே ஈஸ்டர் வரைக்கும் அந்த வகுப்பை எடுத்துக் காட்டினால் என்ன, பிலோமி பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமே என்றார். அதில் கேலி இருந்ததா? சிங்கராயருக்குத் தெரியவில்லை. ‘நிச்சயமாக, ஃபாதர்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. தன் சொந்த மகனுக்குக்கூட ‘பரலோக மந்திரம்’ சொல்லிக்கொடுத்தது ரெஜினாதான்.

சாமியார் பிலோமியிடம் விஷயம் சொன்னார். சரி ஃபாதர் என்றாளாம். முகம் கழுவுகிற மாதிரி குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள் என்று பிறகு சொன்னார்கள்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சிங்கராயர் அறுபத்து நான்கு ஸ்லைடு தயாரித்தார். ஞாயிறு காலை இருபத்து மூன்று பிள்ளைகள். ஆறாவது ஸ்லைடில் கரண்ட் போனது. சுற்றிலும் நாலு பக்கமும் புகைபோக்கி வைத்து மின்சாரம் காய்ச்சுகிற ஊர் அது, கரண்ட் போகாமல் இருக்குமா? திரை வெள்ளையாக நின்றது. பிள்ளைகள் சிங்கராயரைப் பார்த்தார்கள். சிங்கராயர் பிள்ளைகளைப் பார்த்தார். இன்னும் நாற்பது நிமிஷம் பாக்கி. கண்ணோடு கண் பார்ப்பது என்பது பண்பு நான்கு. அதை நாற்பது நிமிஷம் செய்ய முடியாது.

தீ விபத்து ஏற்பட்டால் கொட்டகையிலிருந்து எந்த வழியாக வெளியேறவேண்டும் என்று பத்து நிமிஷம் விளக்கினார். பிறகு யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். ஒரு பிள்ளை கை தூக்கியது. ஒண்ணுக்குப் போகவேண்டும். உடனே மற்ற இருபத்து இரண்டு கைகளும் உயர்ந்தன. வரிசையாக அனுப்பி, வரிசையாக எண்ணி, வரிசையாக வரவழைத்தபோது மணி அடித்துவிட்டது. கடைசி பெஞ்சில் பிலோமி நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதுவும் எழுதவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

அடுத்த ஞாயிறு பத்தொன்பது பேர். அதற்கடுத்து பதினாலு. பிறகு பதினொன்று. ஆனால் சுவரில் இருந்த பலகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. எப்படி என்கிறீர்களா? தாமதமாக வருகிற பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ‘தாமதமில்லாத ஞாயிறுகள்: 4’ என்று எண்ணை மாற்றிவிட்டு, சிங்கராயர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று அழகு பார்த்தார்.

ஐந்தாம் வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிப்பு. பிலோமியாக இருந்தால், போன வாரத்திலிருந்து என்னென்ன செய்தாய் என்று யோசித்துப் பார், எது செய்தபோது மனசு கஷ்டப்பட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வாள். சிங்கராயரிடம் அச்சடித்த படிவம் இருந்தது. தொழிற்சாலையில் விபத்து நடந்தால் நிரப்புகிற படிவத்தை வைத்து அவரே உருவாக்கியது. தலைப்பு ‘பாவப் பதிவுப் படிவம்’. நடந்தது என்ன, நடந்த நாள், இடம், காரணம், இனி நடக்காமலிருக்க எடுக்கப்போகும் தடுப்பு நடவடிக்கை என்று ஐந்து கட்டங்கள். கீழே ஆறாவதாக ஒரு சின்னக் கட்டம்: ‘செய்ய நினைத்து, நூலிழையில் தவறிய பாவங்கள்.’ இதில் அவருக்குத் தனிப் பெருமை. இரண்டாயிரம் வருஷமாகத் திருச்சபைக்குத் தோன்றாதது தனக்குத் தோன்றியதே என்று.

பிள்ளைகள் நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினார்கள். தம்பியின் கடலை மிட்டாயைத் திருடியது, இடம்: ஃபிரிட்ஜ் மேல். பூசையில் சிரித்தது, காரணம்: ரோஸ்லின். ஒவ்வொன்றாக வாங்கிப் படித்து, சிவப்பு மையில் சரிபோட்டுக்கொண்டே வந்த சிங்கராயர் ஷாலுவின் தாளுக்கு வந்தார்.

நடந்தது என்ன: நைனா செத்துப்போணும்னு வேண்டிகினேன். நாள்: எல்லா நாளும். இடம்: வூடு. காரணம்: அம்மாவ அடிக்கிறாரு. தடுப்பு நடவடிக்கை: அவுரு குடிக்கக் கூடாது.

எல்லாக் கட்டமும் சரியாக நிரப்பியிருந்தது. எழுத்துப் பிழைகூட அதிகம் இல்லை. சிங்கராயரின் சிவப்புப் பேனா தாளுக்கு மேலே நின்றது. ஷாலு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “சார், இது பாவமா?” என்றாள்.

அவர் ஒரு விநாடி தயங்கினார். ஒரே விநாடிதான். பாவம்தாம்மா, தாய் தந்தையை மதிக்கவேண்டும் என்பது நாலாம் கட்டளை, கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கட்டளை, மனசில் நினைத்தாலும் அதில் சேரும், உண்மையாக மனம் வருந்தி, இனி செய்யமாட்டேன் என்று தீர்மானம் எடுத்தால்தான் மன்னிப்பு, அந்தத் தீர்மானம் இல்லாமல் நன்மை வாங்கக்கூடாது என்று சொன்னார். தெளிவான உச்சரிப்பு. புத்தகத்தில் உள்ளதற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஷாலு தலையாட்டிவிட்டுத் தாளை வாங்கி நாலாக மடித்து, பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ‘விடுப்பு’ என்று எழுதினார். எழுதிய பிறகும் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். புதுநன்மைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வகுப்பு முடிந்ததும், ஏழு வாரத்தில் முதல்முறையாக, கடைசி பெஞ்சுக்குப் போய் பிலோமியிடம் கேட்டார்.

“அவ வரமாட்டா சார்” என்றாள் பிலோமி. “தீர்மானம் எடுக்காம நன்மை வாங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? எடுத்துப் பாத்தாளாம். முடியலியாம். இன்னும் வேண்டிகினுதான் கீறா. அப்புறம் எப்டி நன்மை வாங்குறதுன்னு கேக்கறா.”

சிங்கராயர் அங்கேயே உட்கார்ந்தார். பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் நெஞ்சுவரைக்கும் வந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளில் அவர் சொன்னதைச் சொன்னபடியே நம்பி, அதன்படி நடந்த ஒரே பிள்ளை ஷாலுதான். அதனால்தான் அவள் வெளியே நிற்கிறாள்.

அவள் வகுப்பில் தூங்கியது ஏன் என்பதையும் பிலோமி அன்றைக்குத்தான் சொன்னாள். ஷாலுவின் அம்மா ஜெசிந்தா காசிமேட்டுக் கத்தோலிக்கப் பெண். அப்பா தேசப்பன் நெட்டுக்குப்பத்துக்காரர், குலதெய்வம் கும்பிடுகிறவர். நல்ல மனிதர்தான், குடிக்காத நாட்களில். சனிக்கிழமைகளில் குடிப்பார். சண்டை பெரிதானால் தாயும் மகளும் பிலோமி வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பாதித் தூக்கத்தோடு காலையில் அங்கிருந்தே வகுப்பு. மகளிர் காவல் நிலையத்துக்கும் ஒருமுறை பிலோமிதான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பிள்ளைகளின் வீடுகளைச் சந்தித்தல் என்று ஃபிளெக்ஸில் அச்சடித்தவர் சிங்கராயர். சந்தித்தது யார்?

ஷாலு வீட்டுக்குத் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார். பிலோமி, வேன் ட்ரிப் இருக்கிறது, நீங்களே போங்கள் என்றாள். அதில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன தப்பு?

புதன்கிழமை மூன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, நெட்டுக்குப்பத்தில் இறங்கி, ஆற்றோரமாக நடந்து போனார். பழக்க தோஷத்தில் லேப்டாப் பையும் தோளில் வந்திருந்தது. வழியெல்லாம் பேசவேண்டியதை மூன்று அம்சங்களாகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டே போனார். வீட்டு வாசலில் தேசப்பன் வலை கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்திருக்கவில்லை. கோயில் சார் என்று தெரிந்ததும் எழுந்து, மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, துண்டால் துடைத்து உட்காரச் சொன்னார்.

“இன்னா சார், புள்ள எதுனா தப்பு பண்ணிச்சா?”

இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார் சிங்கராயர். மூன்று அம்சத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. தேசப்பனுக்கு அது போதுமாயிருந்தது. ஆற்றில் முன்ன மாதிரி இறால் இல்லை, தண்ணீரில் இறங்கினால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். பிறகு, ஷாலு வீட்டில் மந்திரம் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது சார் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சிங்கராயரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பிள்ளை நான்காக மடித்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

ஷாலு தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். சாரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மகளைப் பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, தேசப்பன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கடைக்குப் போனார்.

ஷாலு குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் கேட்காமலேயே சொன்னாள்.

“இன்னும் வேண்டிகினுதான் கீறேன் சார். நிறுத்தலாம்னு பாத்தேன். அம்மா அயுதா தானா வந்துடுது.”

சிங்கராயர் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருஷம் ஐந்நூறு பேருக்கு முன்னால் நின்று பேசிய வாய். பன்னிரண்டு பண்புகளும் வரிசையாக வந்து நின்று, வரிசையாகக் கலைந்து போயின. தண்டையார்பேட்டையில் பிறந்து, ஆபீசரான நாளிலிருந்து தேய்த்துத் தேய்த்து வெளுத்துவைத்திருந்த நாக்கு, தான் பிறந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

“தெரிலம்மா” என்றார்.

“சாருக்கே தெரிலியா?”

“தெரில. அன்னிக்கு பொஸ்தகத்துல கீறத அப்டியே சொல்ட்டேன். நீ கேட்டது வேற. ஒங்க நைனா அம்மாவ அடிக்கிறாரு பாரு, அது அவுரு தப்பு. உன்னுது இல்ல. அது மட்டும் நல்லா தெரியும் எனக்கு.”

ஷாலு யோசித்தாள். “அப்போ நான் இப்டி வேண்டிக்கிறேன்னு சாமியாண்ட சொல்லலாமா?”

“சொல்லு. ஒளிக்காம சொல்லு.”

“அவுருக்குக் கோவம் வராது?”

“தெரிலம்மா. வந்தாலும் அடிக்க மாட்டாரு.”

இதைச் சொன்ன பிறகு இது எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று சிங்கராயர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஷாலு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.

தேசப்பன் டீயோடு வந்தார். சர்க்கரை தூக்கலான டீ. சர்க்கரை வியாதிக்காரரான சிங்கராயர் மறுபேச்சில்லாமல் முழுக்கக் குடித்தார். புறப்படும்போது தேசப்பனின் தோளில் கைவைத்து, “தேசப்பா, தெருவுக்கே தெரிஞ்ச விஷயம், நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. புள்ள வளருது. எல்லாத்தையும் பாக்குது” என்றார். தேசப்பன் வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கே விட்டோம் என்று கிழிசலைத் தேட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமே சிங்கராயர் சாமியாரைப் பார்த்து, மீதி இரண்டு வாரமும் பிலோமியே வகுப்பு எடுக்கட்டும் என்றார். எழுத்தில் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்று சாமியார் அவசரமாகச் சொன்னார். பிலோமி வந்த ஞாயிறு பதினெட்டுப் பிள்ளைகள். அதற்கடுத்த ஞாயிறு இருபத்து மூன்றும் ஆஜர். பாதிப் பேர் தாமதம். பலகையில் எண் பூஜ்யத்துக்குப் போனது.

ஷாலு பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னாள்? அது நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. உள்ளே கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள், வெளியே வந்து மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து குழாயில் தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான். தேசப்பன் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். அப்படியெல்லாம் ஒரு டீயில் திருந்துவார்களா? ஜெசிந்தா மகளைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டில் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட்டுவிட்டு வந்து கூப்பிடு, அதுவரைக்கும் வரமாட்டேன் என்று, பிலோமியும் சாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தேசப்பன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். புதுநன்மை அன்றைக்கு தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கோயில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். வெள்ளை கவுனில் ஷாலு வெளியே வந்தபோது, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா தலையசைத்த பிறகு போய் அவரிடம் ஒரு கேக் துண்டைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வந்தாள். இதுவரைக்கும்தான் நடந்திருக்கிறது.

இத்தோடு சிங்கராயர் வேறு ஆளாகிவிட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த இனம் அவ்வளவு லேசில் அழிகிற இனம் இல்லை. ஜூலை மாதப் பயிற்சிக்கு வந்த முப்பது ஆசிரியர்களும் சுவரைப் பார்த்தார்கள். ஃபிளெக்ஸில் பண்புகள் பதின்மூன்றாகியிருந்தன. பதின்மூன்றாவது: ‘தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல்.’

‘முதலில் ஒரு கேள்வி’ என்று ஆரம்பித்தார் சிங்கராயர். தெரியாது என்று சொல்வதில் ஐந்து படிநிலைகள் உண்டு என்றார். எங்கே, எல்லோரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள் என்றார். முப்பது பேரும் கோரஸாக, ‘எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது’ என்று மூன்று முறை சொல்லிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ஒரு புது ஆசிரியை எழுந்து, சார், நீங்கள் எப்போதாவது ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கிறீர்களா, அந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

சிங்கராயர் பேனா வெளிச்சத்தை அணைத்தார். அதை இங்கே சொல்ல முடியாதும்மா என்றார். அடுத்த ஸ்லைடுக்குப் போகப் பார்த்தார். மீதிப் பயிற்சியை அரைமணி முன்னதாகவே முடித்து, எல்லோரையும் வடை சாப்பிட அனுப்பிவிட்டார். கோயில் வரலாற்றில் முன்னதாக முடிந்த முதல் கூட்டம் அது.

இப்போது ஞாயிறு காலையில் நீங்கள் அந்தச் சாலைப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். பிலோமி வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடத்தில், கையில் சிவப்புக் கொடியும் வாயில் விசிலுமாக நின்று, கன்டெய்னர் லாரிகளை நிறுத்துகிறார். நிறுத்தின லாரி டிரைவருக்கு பிரேக் பராமரிப்பு பற்றி நாலு வார்த்தை சொல்கிறார்தான். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் வேலையிலிருந்து விடுவிக்கும்படி சாமியாரிடம் கேட்டுவிட்டார். எழுத்தில்தான், ஒரு பக்கத்தில்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இது அப்படியே நம்ம இன்னார் மாதிரி இருக்கிறதே என்று ஒரு முகம் உங்களுக்கு வந்ததா? இதை அவருக்கு அனுப்பிவைத்தால் கொஞ்சம் திருந்துவார் என்று தோன்றியதா? அனுப்பும்போது மேலே ‘அவசியம் பொறுமையாகப் படிக்கவும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றும், முக்கியமான இடத்துக்கு அடிக்கோடு போட்டுக் கொடுக்கலாம் என்றும் தோன்றியதா? தோன்றியிருந்தால் தயவுசெய்து தயங்காதீர்கள். எங்கள் பங்கில் ஒருங்கிணைப்பாளர் இடம் காலியாக இருக்கிறது. விண்ணப்பம் எதுவும் போடவேண்டாம். உங்களை எடுத்தாயிற்று.